நன்கொடை நோட்டீஸில் எவ்வளவு உறுத்தல் வைக்கலாம்?

கேள்வி: அடிபட்ட தெருநாய்களுக்கான ஒரு காப்பகத்துக்காக நோட்டீஸ் எழுதுகிறேன். 'நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள். இவை பட்டினி கிடக்கின்றன!' என்று காயப் படங்களோடு அச்சடித்தோம். பணம் வரவில்லை, இரண்டு பேர் போனில் திட்டினார்கள். மனசாட்சியைத் தொட்டால்தானே கொடுப்பார்கள்?

பதில்: நீங்கள் தொடவில்லை, பழி போட்டிருக்கிறீர்கள். படிப்பவர் எந்த நாயையும் பட்டினி போட்டவர் இல்லை. செய்யாத தப்புக்குக் குற்றவாளி ஆக்கினால் கோபம்தான் வரும். 1995-ல் கூல்ட்டர், பின்டோ என்ற ஆய்வாளர்கள் வேலைக்குப் போகும் தாய்மார்களிடம் இதைச் சோதித்தார்கள். மிதமாக உறுத்திய விளம்பரம்தான் குற்ற உணர்ச்சியைக் கிளப்பியது. அளவு மீறியது எரிச்சலைக் கிளப்பியது.

முதலில் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். 'இத்தனை நூறு நாய்கள்' என்று போடாமல் ஒரே ஒரு நாயைக் காட்டுங்கள். 2007-ல் ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் மூவரும் வெளியிட்ட ஆய்வில், கையில் 5 டாலர் இருந்தவர்கள் ஒரு சிறுமியைப் பற்றி மட்டும் படித்தபோது சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். வெறும் புள்ளிவிவரத்துக்கு 1.14. சிறுமியோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்தபோது 1.43! கணக்கு காட்ட ஆண்டறிக்கை இருக்கிறது, நோட்டீஸ் அதற்கான இடமில்லை.

அடுத்தது, பலரும் கோட்டை விடுவது: உறுத்தலைக் கிளப்பிய அடுத்த வரியிலேயே அதைத் தீர்க்க வழி இருக்க வேண்டும். ஒரு நாய்க்கு ஒரு நாள் சாப்பாடும் மருந்தும் என்ன ஆகும் என்று உண்மையாகக் கணக்குப் போட்டு, அந்தச் சின்னத் தொகையைக் கேளுங்கள். க்யூஆர் கோடு அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். தாளைத் திருப்பித் தேட வைத்தால், அதற்குள் மனசு ஆறிவிடும்.

இணையத்திலும் கேட்பதாக இருந்தால், மறுப்புப் பொத்தானில் 'வேண்டாம், எனக்கு இரக்கம் இல்லை' என்றெல்லாம் எழுதாதீர்கள். மலிவான தந்திரம். 'இப்போது வேண்டாம்' போதும். பணம் வந்ததும் ரசீதோடு அந்த நாயின் புதுப் படத்தை அனுப்புங்கள். கொடுத்த கையோடு இன்னொரு அழுகை நோட்டீஸ் போனால், ஏமாந்துவிட்டோமோ என்றுதான் தோன்றும்.

உங்கள் வாசகத்தை இப்படி மாற்றலாம்: 'கால் ஒடிந்து வந்த கறுப்பி இப்போது நாலு காலையும் ஊன்றி நிற்கிறது. இன்னும் பத்து நாள் மருந்து பாக்கி. ஒரு நாள் செலவு இவ்வளவு.' கூடவே, கறுப்பி கேமராவைப் பார்க்கும் படம். காயத்தின் குளோசப் வேண்டாம், பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

இதில் உறுத்தல் எங்கே என்கிறீர்களா? அந்த 'இன்னும் பத்து நாள்' போதும். ஆனால் கறுப்பி நிஜமாகவே காப்பகத்தில் இருக்க வேண்டும். பார்க்க வரலாமா என்று யாராவது போன் செய்வார்கள்.