வள்ளி திருமணம் நோட்டில் பென்சில் குறிப்புகளை அழிக்கலாமா?

வணக்கம். காரைக்குடி வீட்டுப் பரணில் கிடைத்த தாத்தாவின் ‘வள்ளி திருமணம்’ நாடக நோட்டில் பென்சில் கிறுக்கல்களை அழித்துவிட்டு ஸ்கேன் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இந்த நாடகத்துக்கு எழுதிய பாட்டும் வசனமும் அச்சிலேயே கிடைக்கும். அது மேடையில் எப்படி நடந்தது என்பது அந்தக் கிறுக்கலில்தான் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் அன்று ராத்திரிதான் ஒன்றுகூடுவார்கள். அதனால் அடித்துவிட்ட பாட்டு, ஓரத்தில் ‘5 கட்டை’ என்ற சுருதிக் குறிப்பு, நாரதர் வாதிடும் தர்க்கக் காட்சியில் செருகிய துண்டுச்சீட்டு, எதுவாக இருந்தாலும் பொக்கிஷம். மை மாறியிருந்தால் வேறு காலத்துக் குறிப்பாக இருக்கலாம், கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம், கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்த பழைய நூல்களும் நோட்டீஸ்களும் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அங்கே பழைய நாடக நோட்டீஸ்களோடு நடிகர் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.