மூளை தானே சுரக்கும் ஸ்டீராய்டு: கேள்வி பதில்

(பினாங்கில் உடலியங்கியல் கற்பிக்கும் நம் உறுப்பினர் பதிலளிக்கிறார்.)

கேள்வி (ஜார்ஜ்டவுன்): ஐயா, ஸ்டீராய்டு என்றால் ஜிம்மில் சிலர் போட்டுக்கொள்ளும் ஊசி என்றே நினைத்திருந்தேன். மூளையும் அதைத் தயாரிக்கிறதாமே?

பதில்: ஆம். கொலஸ்ட்ராலிலிருந்து உடல் உருவாக்கும் ஒரு வேதிக் குடும்பத்திற்கே அந்தப் பெயர். தசை பெருக்கும் ஊசி அதில் ஒரு கிளை, அதுவும் கெட்ட பெயர் வாங்கிய கிளை. அட்ரீனல் சுரப்பியையும் விதைப்பையையும் அகற்றிய எலிகளின் மூளையில்கூட டி.எச்.இ.ஏ. சல்பேட் என்ற ஸ்டீராய்டு குறையாதிருப்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர் எத்தியேன் எமில் பொலியூவின் குழு 1981இல் கண்டது. வெளியிலிருந்து வரவில்லையென்றால் மூளைக்குள்ளேயே உருவாகியிருக்க வேண்டும் என்ற முடிவிலிருந்துதான் ‘நியூரோஸ்டீராய்டு’ என்ற சொல் பிறந்தது.

கேள்வி (பட்டர்வொர்த்): மகளுக்குப் பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். வெந்தயக் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறும்வரை அழுகிறாள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: அம்மா, உறவினர்கள் சொல்வதை ஒதுக்கிவிடுங்கள். கர்ப்பகாலத்தில் பெருகும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனிலிருந்து அல்லோபிரெக்னனோலோன் என்ற ஸ்டீராய்டு உருவாகிறது; அது நரம்பணுக்களின் மேலுள்ள, அமைதிப்படுத்தும் ‘காபா’ என்ற வேதிப்பொருளை ஏற்கும் ஏற்பிகளில் ஒட்டி, குளோரைடு அயனிகள் உள்ளே புகும் வழியை அகலத் திறந்து, அணுவின் படபடப்பை அடக்குகிறது. பிரசவமானதும் சில நாள்களிலேயே அதன் அளவு சரிந்துவிடுகிறது. இந்தச் சரிவுக்கு ஈடுகொடுக்கச் சிலரின் மூளை திணறுகிறது என்று கருதுகிறார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு மருந்தாக, அதே பொருளை 60 மணி நேரம் ரத்தக் குழாய் வழி செலுத்தும் பிரெக்ஸனோலோனுக்கு 2019இலும், அதன் உறவான, 14 நாள் விழுங்கும் சுரானோலோனுக்கு 2023இலும் அமெரிக்கா அனுமதி அளித்தது. சாதாரண அழுகை இரண்டு வாரத்தில் தணியும். தணியாவிட்டால் தாய் சேய் கிளினிக்கில் தாதியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் பேச்சு வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): மன அழுத்தம் மூளையைச் சுருக்கும் என்பது மெய்யா?

பதில்: மன அழுத்தத்தின்போது அட்ரீனல் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் நெடுங்காலம் மிகுந்திருந்தால், நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் குறுகுவதை விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். கார்டிசால் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயாளிகளிடம் சிகிச்சைக்குப் பின் அப்பகுதி ஓரளவு மீண்டும் பெருத்ததும் பதிவாகியுள்ளது. அலுவலகக் களைப்பை அந்த நோயோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): டி.எச்.இ.ஏ. மாத்திரை விழுங்கினால் ஞாபகசக்தி கூடுமா?

பதில்: நலமாக உள்ள முதியவர்களிடம் நடத்திய சோதனைகளில் அத்தகைய பயன் உறுதிப்படவில்லை. காசை மிச்சம் பிடியுங்கள், ஐயா.