படுக்கையறைக்கு வெளிர் ரோஜா நிறம் அடிக்க ஆசை. எந்த ஷேடைத் தேர்ந்தெடுப்பது, அதோடு எந்த நிறங்கள் சேரும்?

ஷேடு கார்டில் எது கண்ணைப் பறிக்கிறதோ அதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மதுரையில் எங்கள் வீட்டுப் படுக்கையறைக்கு அப்படி ஆசைப்பட்டு எடுத்துத்தான் ஏமாந்தேன். அட்டையில் பூவிதழ் போல இருந்த நிறம், நான்கு சுவர்களிலும் ஏறியதும் பஞ்சுமிட்டாய் ஆகிவிட்டது. அப்பா வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "குச்சி எங்கேம்மா?" என்று கேட்டார்.

ஒரு சுவரில் படும் வெளிச்சம் அதன் நிறத்தையும் சுமந்துகொண்டுதான் எதிர்ச்சுவருக்குப் போகிறது. அங்கிருந்து மறுபடி திரும்புகிறது. அதனால் நான்கு பக்கமும் ஒரே நிறம் என்றால், அட்டையில் பார்த்ததைவிட அடர்த்தியாகவே தெரியும். எங்கள் அறையில் இன்னொரு சிக்கலும் இருந்தது: சன்னல் மேற்கே, தரை சிவப்பு ஆக்சைடு. நான்கு மணி வெயில் தரையில் விழுந்ததும் சுவரின் கீழ்ப்பாதி மட்டும் இடுப்பளவுக்குச் சிவந்து நிற்கும்.

இரண்டாம் முறை, சின்ன வெங்காயம் உரிக்கும்போது சருகுக்கு அடுத்து வருமே ஒரு தோல், அந்த நிறத்தைப் பிடித்தோம். ஜவுளிக்கடையில் வெங்காய நிறம் என்பார்களே, அதைப் பாலில் கரைத்தது போல. அட்டையில் அது ரோஜா நிறமாகவே தெரியவில்லை, அழுக்கு வெள்ளை மாதிரி இருந்தது. சுவரில் ஏறிய பிறகுதான் ரோஜா என்று புரிந்தது.

அட்டையை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். சில ரோஜாக்கள் மஞ்சள் பக்கம் சாயும், சில நீலத்தின் பக்கம். வடக்குச் சன்னல் அறையில் வருடத்தின் பெரும்பகுதி வெயில் நேராக விழாது, வெளிச்சத்தில் நீலம் தூக்கலாக இருக்கும். அங்கே நீலம் சாய்ந்ததை அடித்தால் கத்தரிப்பூ நிறம் எட்டிப்பார்க்கும். மஞ்சள் சாய்ந்ததே நல்லது. மேற்கு அறைக்குச் சாம்பல் கலந்தது. மின்விளக்கையும் மறக்காதீர்கள். 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.யின் கீழ் வெளிறிப்போகும் நிறம், 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் பீச் பழமாக மாறிவிடும்.

சிறிய டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிச் சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்து, அதைச் சுவருக்குச் சுவர் மாற்றி வைத்து, காலை, மாலை, இரவு என்று மூன்று வேளையும் பாருங்கள். ஈரத்தில் முடிவு செய்ய வேண்டாம். எமல்ஷன் பெயிண்ட் காய்ந்தால் பெரும்பாலும் நிறத்தின் அடர்த்தி ஒரு படி கூடும்.

சேரும் நிறங்களுக்குச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். உடல் வெளிர் ரோஜா என்றால் கரைக்குப் பச்சை எப்போதும் எடுக்கும். ஆனால் சுவருக்குப் பளிச்சென்ற பச்சை வேண்டாம், காய்ந்த முருங்கையிலை போலச் சாம்பல் பூத்த பச்சை போதும். நாங்கள் திரைச்சீலையை அந்த நிறத்தில் போட்டோம். கூரைக்கு நீலம் தட்டாத, லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை. தேக்கு அலமாரியும் பித்தளைக் கைப்பிடியும் தாமாகவே பொருந்திக்கொண்டன. அரக்கு நிறத்தில் ஏதாவது ஒன்றே ஒன்று இருக்கலாம். எங்களுக்கு அது தலையணை உறை. கறுப்பு எனக்குப் பிடிக்கவில்லை, ஓட்டல் அறை போல ஆகிவிடுகிறது.

சிவப்பு ஆக்சைடு தரை உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் துளி காவி போட்டு அடிப்பார்களே, அந்த மங்கல் ரோஜா அப்படிப்பட்ட தரையோடு சண்டை போடாது. காவியிலும் தரையிலும் இருப்பது இரும்பு ஆக்சைடுதான். கடையில் அந்த மண் சாயலைக் கேட்டுக் கலக்கச் சொல்லுங்கள்.

வேண்டியதை ஒரே தடவையில் கலந்து வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் நூலளவு வித்தியாசம் வரும், வெளிர் நிறத்தில் அது மறையாது. ஷேடு எண்ணை அலமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் கட்டில் உரசிய இடத்தைத் தொட்டுப் பூச அதுதான் உதவியது.