கோழிக்கூட்டைச் சுற்றி வலை அடித்தும் ரக்கூன் எப்படிக் கோழியைக் கொல்கிறது?

ரக்கூன் வட அமெரிக்காவில் இரவில் இரை தேடும் விலங்கு. பூனையைவிடச் சற்றுப் பெரியது, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை இருக்கும். டொராண்டோ போன்ற நகரங்களில் குப்பைத் தொட்டி வரை வரும்.

அதன் பலம் பல் மட்டுமல்ல, கையும்தான். ஐந்து விரல்கள், இருட்டிலும் தடவியே பொருளை அறியும். ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டுத் தாழ்ப்பாளைத் திறக்கும் திருடனைப் போலத்தான் இதுவும். அறுகோணக் கண் வைத்த சாதாரணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். ரக்கூன் அதைப் பிய்த்துவிடும். இல்லையென்றால் வலைக்கண்ணுக்குள் கைவிட்டு, ஓரமாகத் தூங்கும் கோழியின் தலையையோ காலையோ பிடித்து இழுக்கும். காலையில் தலையில்லாத கோழி வலையோரம் கிடந்தால் சந்தேகம் இதன்மேல்தான்.

அரை அங்குலக் கண், 19 கேஜ் கம்பித் தடிமன், துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) வாங்குங்கள். ஸ்டேப்ளர் பின் பிடுங்கிக்கொள்ளும். அகல வாஷர் வைத்து ஸ்க்ரூ போடுங்கள். சுவரடியில் அதே வலையை வெளிப்பக்கமாக 30 செ.மீ. தரையில் விரித்தால், தோண்ட வரும் கால் வலையில் முட்டும். வெறும் கொக்கியை ரக்கூன் தூக்கிவிடும். கதவுக்கு மேலும் கீழும் ஸ்பிரிங் பூட்டு வேண்டும். இருட்டுமுன் கதவை அடைத்து, மிச்சத் தீவனத்தை உள்ளே எடுத்துவிடுங்கள்.

பகலில் ரக்கூன் தென்பட்டாலே வெறிநோய் என்பார்கள். அப்படியில்லை, குட்டி ஈன்ற தாய் பகலிலும் இரை தேடும். தள்ளாடி நடந்தால் சந்தேகப்பட வேண்டும்.