பாதி முடிந்த ஆப்பை வெளியிடலாமா?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலையைக் கடைக்காரர்களுக்குச் சொல்லி, ஆர்டரும் எடுக்கும் ஆப். பாதிதான் முடிந்திருக்கிறது, வெளியிடலாமா என்று கேட்கிறீர்கள். வெளியிடுங்கள். ஆனால் ஊருக்கே வேண்டாம், தெரிந்த பத்துப் பூக்கடைகளுக்கு மட்டும்.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: விடியற்காலையில் ஈரக்கையோடு மூட்டை பிரிக்கிறவர் உங்கள் ஆப்பைத் திறப்பாரா, இல்லை வழக்கம்போல கமிஷன் கடைக்குப் போன் போடுவாரா? உட்கார்ந்து யோசித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லப்போனால் ஆப்கூட வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் நீங்களே விலையைத் தட்டி அனுப்பினாலும் விடை கிடைத்துவிடும். 1999-ல் ஜாப்போஸ் என்ற அமெரிக்க இணைய ஷூ கடை இப்படித்தான் தொடங்கியது. கடைகளில் இருந்த ஷூக்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். ஆர்டர் வந்த பிறகே கடைக்குப் போய் வாங்கி அனுப்பினார்கள். கையில் சரக்கே கிடையாது.

அரைகுறை என்றால் வசதி குறையலாம், விலை தப்பக் கூடாது. முகூர்த்த நாளில் மல்லிகை விலை சட்டென்று ஏறும். பழைய விலையைக் காட்டினால் அன்றோடு உங்களை நம்ப மாட்டார்கள். விலைக்குப் பக்கத்தில் நேரத்தையும் போடுங்கள். பணப் பரிமாற்றத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள், கணக்கு உதைத்தால் சண்டைதான். அப்புறம், முகூர்த்தம் இல்லாத சாதாரண வாரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். நெரிசலில் உங்கள் ஆப்பின் குறையைச் சொல்லக்கூட யாருக்கும் நேரம் இருக்காது.