வீட்டில் அரைத்த பொடியை விற்க எந்தப் பதிவு கட்டாயம்?

கேள்வி: ஐயா, வீட்டில் சாம்பார் பொடி, இட்லிப் பொடி, முருங்கைக்கீரைப் பொடி செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வந்தேன். இப்போது வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் வருகிறது, பெங்களூரில் இருந்தும் கேட்கிறார்கள். மாதம் முப்பதாயிரம் ரூபாய் வரை விற்கிறது. ஏஜென்ட் ஒருவர் எல்லாப் பதிவுக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. உங்களுக்கு உடனடியாகத் தேவை உணவுப் பாதுகாப்புப் பதிவு. உங்கள் அளவுக்குச் சிறியதாக விற்பவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவு போதும். அரசுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான். ஃபோட்டோவும் அடையாள அட்டையும் இருந்தால் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ‘ஃபாஸ்காஸ்’ இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். வீட்டுச் சமையலுக்கு இது எதற்கு என்று சிலர் சொல்வார்கள். காசு வாங்கி விற்றால் அது உணவுத் தொழில்தான். வெளி மில்லில் அரைப்பதாக இருந்தால் மில்காரரிடம் பதிவு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவை வாங்கிவிடுவது சுலபம். பலர் மாட்டிக்கொள்வது பாக்கெட்டில்தான். அரைத்த மசாலாப் பொடியைச் சில்லறையாக அள்ளிக் கொடுக்கக் கூடாது, பாக்கெட்டில் அடைத்தே விற்க வேண்டும். அதில் 14 இலக்கப் பதிவு எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, பெயர், முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, நிகர எடை, வரி உட்பட விலை, புகாருக்கான ஃபோன் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் அச்சடித்தால் சட்டப்படி செல்லாது. ஆங்கிலமோ இந்தியோ கட்டாயம். ஆனால் தமிழையும் சேர்த்துப் போடுங்கள், வாங்குகிறவர்கள் படிக்க வேண்டாமா?

சேர்மானப் பட்டியலில் அதிகம் சேர்ப்பது முதலில் வர வேண்டும். சாம்பார் பொடியில் பெருங்காயம் போடுவீர்கள் அல்லவா? கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்து, இருந்தால் ‘கோதுமை உள்ளது’ என்று எழுதுங்கள். இட்லிப் பொடியில் நிலக்கடலை சேர்த்தால் அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வாமை உள்ளவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. அப்புறம், முருங்கைக்கீரைப் பொடி சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று பாக்கெட்டிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ போடவே கூடாது. அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

எடை போடும் தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும். பாக்கெட் போடுபவர் என்ற பதிவும் அவர்களிடமே. பாக்கெட் போடத் தொடங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இனி பெங்களூர். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ஆனால் வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால், ஒரே ஒரு பாக்கெட் என்றாலும் பதிவு கட்டாயம். பதிவு செய்தபின் மாநிலத்துக்குள் விற்பதற்கும் வரி, கணக்கு எல்லாம் வந்துவிடும். மாதம் நான்கைந்து பார்சலுக்காக அந்தச் சுமை வேண்டாம் என்பேன். அங்கிருந்து நிலையாக ஆர்டர் வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

சிறு தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவு கட்டாயமில்லை, ஆனால் வங்கிக் கடனுக்கு உதவும். ஆதாரை வைத்து அரசுத் தளத்தில் இலவசமாகச் செய்யலாம். அதே பெயரில் கட்டணம் கேட்கும் தளங்களும் இருக்கின்றன. பணம் கட்டச் சொன்னால் மூடிவிடுங்கள்.