மாசியில் வரும் பணம் தை வரை நிற்க என்ன வழி?

நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர் கொண்ட குடும்பம். மூன்று ஏக்கரில் ஒருபோக சம்பாவும், அதன் பின் உளுந்தும் பயிரிடுகிறார்கள். நெல் விற்ற பணம் மாசியில் கைக்கு வருகிறது. ஆடி பிறப்பதற்குள் கரைந்துவிடுகிறது. அதன் பிறகு தை வரையில் மளிகைக் கடையில் கணக்கு நோட்டு வைத்துத்தான் குடித்தனம் நடக்கிறது. மின்கட்டணம் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. காஸ் சிலிண்டர் ஒரு மாதம்கூட வருவதில்லை. எதைக் குறைத்தால் கையில் நாலு காசு நிற்கும் என்றும், அக்கம்பக்கத்துப் பெண்கள் கட்டும் தீபாவளிச் சீட்டில் தானும் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறார். ஆவணி மாதத்து மளிகைப் பட்டியலையும் ஒரு மின்கட்டண ரசீதையும் கடிதத்துடன் இணைத்திருக்கிறார்.

சகோதரி, மாதச் சம்பளக்காரர்களுக்குச் சொல்லப்படும் சிக்கன யோசனைகள் உங்கள் வீட்டுக்குப் பாதிதான் பொருந்தும். அவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் வரவு உண்டு. உங்களுக்கோ ஆண்டில் ஓரிரு முறைதான் பணம் வருகிறது. செலவு மட்டும் பன்னிரண்டு மாதமும் நிற்காமல் இருக்கிறது. ஆகவே, அன்றாடம் எதைக் குறைப்பது என்பதைவிட, எந்தப் பொருளை எந்த மாதத்தில் வாங்குவது என்பதே உங்கள் வீட்டில் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி.

உங்கள் மளிகைப் பட்டியலில் என் கண்ணில் முதலில் பட்டது மூன்று கிலோ உளுத்தம்பருப்பு. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரம் காயாத வயலில் நீங்களே உளுந்து தெளிக்கிறீர்கள். சித்திரைக்குள் அது வீடு வந்து சேர்கிறது. வந்ததை அப்படியே வியாபாரியிடம் போட்டுவிட்டு, நாலு மாதம் கழித்து அதே உளுந்தை வண்டிக் கூலி, ஆலைக் கூலி, பாக்கெட் செலவு, கடைக்காரர் ஆதாயம் எல்லாம் ஏறிய விலையில், அதுவும் கடனுக்கு வாங்குகிறீர்கள். டெல்டாவில் பல வீடுகளில் நான் காணும் வழக்கம் இது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மாதம் மூன்று கிலோ என்றால் ஆண்டுக்கு 36 கிலோ. சேதாரத்துக்கும் சேர்த்து 40 கிலோவை எடுத்து வைத்துக்கொண்டு மீதியை மட்டும் விற்பனைக்கு அனுப்புங்கள்.

எடுத்து வைப்பது எளிது, காப்பாற்றுவதில்தான் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதிக் காற்றே ஈரமாக இருப்பதால், அரைகுறையாகக் காய்ந்த பருப்பு மார்கழிக்குள் வண்டு விழுந்து மாவாகிவிடும். சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாள் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பிக் காயவையுங்கள். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால், நசுங்காமல் நறுக்கென்று உடைய வேண்டும். காய்ந்த சூட்டோடு டின்னில் கொட்டி மூடினால் உள்ளே வியர்த்துவிடும் என்பதால், நிழலில் நன்றாக ஆறவிட்ட பிறகே கொட்ட வேண்டும். பயறு வண்டு முழு மணியின் தோல்மேல்தான் முட்டையிடும். மணியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் குண்டூசி முனையளவு வெள்ளைப் புள்ளிகளாக அவை ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். புழு மணிக்குள்ளேயே வளர்ந்து, வண்டாகி, வட்டமாகத் துளையிட்டு வெளியே வரும். உடைத்த பருப்பில் இந்த வண்டின் தாக்குதல் குறைவு. ஆகவே காய்ந்த கையோடு மில்லில் கொடுத்துத் தோலோடு உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். இட்லிக்கு ஊறப்போடும்போது தோலைக் களைந்துகொள்ளலாம். களைந்த தோல் மாட்டுக்கு ஆகும். ஒரே பெரிய டிரம்மில் வைத்து நாள்தோறும் திறப்பதைவிட, நாலைந்து டின்களில் விளிம்புவரை நிரப்பி மூடி, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறப்பது நல்லது. புரட்டாசியில் மழை பிடிப்பதற்கு முன் ஒரு நாள் வெயில் காட்டுங்கள். உலர்ந்த வேப்பிலை போடுவதில் தவறில்லை, ஆனால் காயவைப்பதற்கு அது ஈடாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிடங்குகளில் புகையூட்டப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு நெல்லிலும் பருப்பிலும் போடுவோர் இருக்கிறார்கள். காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயு கிளம்பும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. வீட்டுக்குள் பிள்ளைகள் படுத்துறங்கும் இடத்தில் அது இருக்கவே கூடாது.

புளியும் மிளகாயும் இதே கணக்கில் வருபவைதாம். புதுப்புளி மாசி, பங்குனியில் வரும்போது ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி, கொட்டையும் கோதும் நீக்கி, ஒரு வெயில் காட்டி, கல்லுப்பு தூவி மண்பானையிலோ ஜாடியிலோ அமுக்கி வையுங்கள். புளிப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால் டின் கூடாது. மிளகாயில் காம்புப் பக்கம் பூசணம் கண்டால், விலை மலிவு என்று வாங்க வேண்டாம். ரவை, மைதா, எண்ணெய் ஆகியவற்றை மொத்தமாக வாங்குவதில் லாபமில்லை. முதல் இரண்டில் புழு வைக்கும், எண்ணெய் சிக்குவாடை அடிக்கும். துவரம்பருப்பும் பாமாயிலும் நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்கும் லிட்டர் 25 ரூபாய்க்கும் குடும்ப அட்டைக்குக் கிடைக்கின்றன. உங்கள் பட்டியலில் இவை இரண்டும் முழு அளவுக்கு வெளிக்கடை விலையில் இருப்பதைப் பார்த்தால், அட்டைக்கு உரியதை நீங்கள் மாதாமாதம் வாங்குவதில்லை என்று தோன்றுகிறது. நெல்லைப் பொறுத்தவரை, வீட்டுத் தேவைக்கானதை அரிசியாக்கி வைக்காமல் நெல்லாகவே வைத்து அவ்வப்போது அவித்து அரைத்துக்கொள்ளுங்கள். நெல் நீண்ட நாள் கெடாது. பழைய நெல்லின் அரிசி சோறும் கூடுதலாகக் காணும்.

அடுத்தது கணக்கு நோட்டு. கடைக்காரர் வட்டி கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்ன விலைக்கு, அவரிடம் இருக்கும் சரக்கை, மறுபேச்சில்லாமல் வாங்க வேண்டியிருப்பதே அந்த வட்டி. வரும் மாசியில் நெல் பணம் வந்ததும் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். அரசு கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான தொகை வங்கிக் கணக்கில்தான் சேருகிறது. அங்கிருந்து வீட்டுச் செலவுக்கான ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, மாதத்துக்கு இவ்வளவு என்று உங்கள் அன்றாடக் கணக்குக்குத் தானாக மாறும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கலாம். மாசியில் மொத்தமாகக் கையில் இருக்கும் பணத்துக்கு வீட்டில் எல்லாருக்கும் ஒரு செலவு தோன்றும். இந்த ஏற்பாடு அதைத் தடுக்கும். ஆவணியில் உழவுச் செலவுக்கு நகையை அடகுக் கடையில் வைப்பதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்று உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி கிடையாது. உங்கள் கணவர் இன்னும் சங்கத்தில் உறுப்பினராகவில்லை என்றால், அடுத்த சாகுபடிக்கு முன்பே சேர்ந்துவிடட்டும். அடகு வட்டி நின்றாலே, சமையலறையில் ஓர் ஆண்டு முழுவதும் மிச்சம் பிடிப்பதைவிட அதிகம் மிஞ்சும்.

மின்கட்டண ரசீதில் இரண்டு மாதத்துக்கு 520 யூனிட் என்று இருக்கிறது. இது மிகவும் இழப்பான இடம். முதல் 100 யூனிட் கட்டணமில்லை. ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான சலுகை விலை பறிபோய், முழுக் கணக்கும் கூடுதல் விலைப் பட்டியலுக்கு மாறிவிடும். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய் ஆகிறது. பிறகு விலைகள் சற்று ஏறியிருந்தாலும் இந்த அமைப்பு உங்கள் ரசீதில் அப்படியே தெரிகிறது. பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் எடுக்கும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 72 யூனிட். பி.எல்.டி.சி. என்னும் மின்சிக்கன மோட்டார் பொருத்திய விசிறி 30 வாட் அளவில் ஓடுவதால், அதே நேரத்துக்கு 29 யூனிட்தான் ஆகும். பெரியவர்கள் படுக்கும் கூடத்தில் ஓயாமல் சுற்றும் அந்த ஒரு விசிறியை மட்டும் மாற்றினாலே 477 யூனிட்டுக்கு இறங்கிவிடுவீர்கள். 2022 விலையில் கணக்கிட்டாலும் ஒரு ரசீதுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். கணக்கெடுப்பவர் வந்த நாளில் மீட்டர் எண்ணைக் குறித்துவைத்து, 45ஆம் நாள் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லையை நெருங்கினால் மீதி நாளில் மோட்டாரையும் இஸ்திரிப் பெட்டியையும் கட்டுப்படுத்தலாம். கிரைண்டரை நிறுத்தி ஆட்டுக்கல்லில் அரைக்க வேண்டியதில்லை. அரை மணி நேரத்துக்கு அது பத்தில் ஒரு பங்கு யூனிட்கூட எடுக்காது.

காஸைப் பொறுத்தவரை, மாமனார் மாமியாருக்கு விடியற்காலையில் அதில்தான் வெந்நீர் வைக்கிறீர்கள் என்பதே காரணம். தென்னை மட்டையும் பாளையும் கொல்லையில் கிடக்கும் வீட்டில் இது தேவையில்லை. அடுப்பு மட்டும் திறந்த வெளியில் இருக்கட்டும், புகை வீட்டுக்குள் வரக்கூடாது. புழுங்கல் அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து உலையில் போட்டு, ஒரு கொதி வந்ததும் மூடி அணைத்துப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு மறுபடி ஏற்றினால், எரியும் நேரம் கண்கூடாகக் குறையும்.

இனி தீபாவளிச் சீட்டு. ஐப்பசிக்கு முந்தைய மாதங்களில்தான் உங்களிடம் பணமே இருப்பதில்லை. அந்த மாதங்களில் தவணை கட்ட மறுபடியும் கடன்தான் வாங்குவீர்கள். அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்பை மாதம் 100 ரூபாயிலும் தொடங்கலாம் என்றாலும், தவணைகள் தொடர்ந்து தவறினால் அந்தக் கணக்கும் நின்றுவிடும் என்பதால் உங்கள் வரவுக்கு அது பொருந்தாது. மாசியிலேயே முடிந்த தொகையை அஞ்சலகத்தில் ஓராண்டுக் கால வைப்பாகப் போட்டுவிடுங்கள். குறைந்தது 1,000 ரூபாய் இருந்தால் போதும், அடுத்த மாசியில் வட்டியோடு வரும். அதையும் மீறிச் சீட்டில் சேர விருப்பமிருந்தால், 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி அது பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டு, பதிவுச் சான்றை நேரில் பாருங்கள். காட்டத் தயங்கினால், நடத்துபவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சேர வேண்டாம்.